உப்பைத் தாங்கிய நெல்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் யாருக்கும் பிடிக்காத வேலை, கெட்டுப்போன பாட்டில்களைத் திறப்பது. திசு வளர்ப்பு என்றால் வெளியில் இருப்பவர்கள் பச்சைச் செடியையும் கண்ணாடிப் பாட்டிலையும் வெள்ளைக் கோட்டையும் நினைத்துக்கொள்கிறார்கள். உள்ளே இருக்கும் எங்களுக்கு அது முதலில் ஒரு நாற்றம். சர்க்கரையும் சத்து உப்புகளும் போட்ட கூழில் செடியின் சின்னத் துண்டு ஒன்றை வைத்து வளர்க்கிறோம். அந்தக் கூழ் பூஞ்சணத்துக்கும் ருசிக்கும். வாரத்துக்கு ஒருமுறை கூடை நிறையப் பாட்டில்கள் கெட்டிருக்கும். சிலவற்றில் சாம்பல் நிறத்தில் முடி முளைத்திருக்கும், சிலவற்றில் இளஞ்சிவப்பாகச் சளி மாதிரி ஒன்று படர்ந்திருக்கும். எல்லாவற்றையும் பெரிய குக்கர் போன்ற ஆட்டோகிளேவில் வேகவைத்துவிட்டுத்தான் திறப்போம். வெந்த பிறகும், ஊசிப்போன சோற்றில் யாரோ வெல்லம் போட்டுக் கிண்டினது போல ஒரு வாடை எழும். அது துணியில் ஏறும். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து வேறு இடம் பார்த்திருக்கிறார்கள்.

பதினைந்து வருடமாக இந்த வாடையோடு இருக்கிறேன். சாப்பாட்டு இடைவேளைக்குப் போகும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவினால் எனக்குப் போதும், உடனே பசிக்கும். இதைச் சொல்லக் காரணம் உண்டு. அருவருப்பு எனக்கு எளிதில் வருவதில்லை. அந்த ஒரு வருடத்தில் வந்தது, இன்னும் போகவில்லை.

நான் இருப்பது திருவள்ளூரில். வேலை, பெரியபாளையம் தாண்டி உள்ளே தள்ளி இருக்கும் ஒரு தனியார் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில். உப்பைத் தாங்கும் நெல்லை உருவாக்குவது என் ஆராய்ச்சி. நெல்லின் உமியை நீக்கி, அரிசியைக் கிருமி போகக் கழுவி, கூழில் வைத்து இருட்டில் விட்டால் சில வாரங்களில் அதன் முனையிலிருந்து மஞ்சளாக, ரவை உப்புமா போல உதிரி உதிரியாக ஒரு கட்டி வளரும். அதற்குக் கேலஸ் என்று பேர். அந்தக் கட்டியைப் பிட்டு, உப்புக் கலந்த கூழில் வைப்பேன். பெரும்பாலானவை பழுப்பாகிச் செத்துவிடும். பிழைத்ததை எடுத்து இன்னும் கூடுதல் உப்பில் வைப்பேன். அதில் பிழைத்ததை மறுபடியும் வைப்பேன். கடைசியில் மிஞ்சினவற்றைச் செடியாக்கப் பார்த்தால், பாதி பச்சையமே இல்லாமல் வெள்ளை வெளேரென்று முளைத்து, பாட்டிலுக்குள்ளேயே சாகும். பல வருடம் இப்படிச் சாகடித்துச் சாகடித்து ஒரே ஒரு வரிசை நின்றது. பச்சையாக நின்றது, கதிர் விட்டது. அதன் விதையை முளைக்க வைத்து, மறுபடி விதை எடுத்து, பெருக்கி, உப்புத் தண்ணீர் ஊற்றின தொட்டிகளில் அது நிற்பதைப் பார்த்த நாளில் நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் ஊருக்குப் போகும் வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே போனேன்.

எங்கள் இயக்குநர் அந்த நெல்லுக்கு வயல் தேடினார். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் குழாய்க்குத் துத்தநாகம் பூசுகிற ஒரு கம்பெனி, தன் செலவில் வயல் சோதனை நடத்தித் தர ஒத்துக்கொண்டது. கம்பெனிச் சுவருக்குப் பின்னால் ஒரு விவசாயியின் நிலம் பல வருடமாகத் தரிசாகக் கிடந்தது. அரை ஏக்கரில் நடலாம் என்று பேச்சு.

சித்திரை வெயிலில் இயக்குநரோடு அந்த நிலத்தைப் பார்க்கப் போனேன். வயலுக்குப் போக ஒரு கால்வாயைத் தாண்ட வேண்டும். குறுக்கே ஒரு சிமெண்ட் பலகை போட்டிருந்தது. பலகையின் நடுவில் நின்று கீழே பார்த்தேன். தண்ணீர் துருப்பிடித்த நிறத்தில், ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாமல் இருந்தது. மேலே தோல் போல ஏதோ ஒன்று மூடி, அங்கங்கே கொப்புளம் விட்டு உடைந்தது. இரண்டு கரையிலும் வெள்ளையாகப் பொருக்கு. மூக்கில் முதலில் ஆசிட் நெடி ஏறியது. அதற்கு அடியில் செத்த எலி போல இன்னொன்று. கால்வாய் ஓரம் முளைத்திருந்த கோரைகூட நுனி கருகி நின்றது. எச்சில் ஊறி வாய் நிறைந்துவிட்டது. துப்பவும் கூச்சம், விழுங்கவும் முடியவில்லை.

நிலத்துக்காரர் அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கினவர், கழுத்தில் டவல்.

"இன்னாம்மா அப்பிடி பாக்கற? தண்ணிதான்" என்றார். "மாடு கூட வாய் வெக்காது. மோந்துட்டுத் திரும்பிக்கினு பூடும்."

"இதைத்தான் வயலுக்குப் பாய்ச்சப்போறீங்களா?"

"வேற எங்க இருக்குது? போர் போட்டேன், அதுலயும் இதே தான் வருது."

இயக்குநர் என்னிடம் குனிந்து, "உப்பு நல்லா இருக்கும் போலிருக்கே. உனக்கு இதை விட நல்ல வயல் கிடைக்காது" என்றார். அவர் சொன்னது சரி. இரும்பைக் கழுவின ஆசிட், அதைச் சரிக்கட்டப் போடுகிற சுண்ணாம்பு, இரண்டும் சேர்ந்தால் உப்பு. என் ஆராய்ச்சிக்கு ஏற்ற தண்ணீர். நான் துப்பிவிட்டு, மாதிரி எடுக்கும் பாட்டிலைத் திறந்தேன்.

நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை. அந்த ஊரில் முன்பு நடவு நட்டவர்களின் பிள்ளைகளெல்லாம் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் போகிறார்கள். அந்தச் சேற்றில் கால் வைக்க யாரும் தயாராக இல்லை. கடைசியில் ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் பெண்களைக் கூட்டி வந்தோம். ஒரு மணி நேரத்தில் அவர்களுக்குக் கணுக்காலில் அரிப்பு. காலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு நட்டார்கள். நான் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வரப்பில் நின்றேன். அவர்களுக்கும் பூட்ஸ் வாங்கித் தந்திருக்கலாம் என்ற யோசனை நட்டு முடிந்த பிறகுதான் வந்தது.

ஒரு பாத்தியில் அந்தப் பக்கம் வழக்கமாகப் போடும் ரகம். பக்கத்தில் எங்கள் நெல். வழக்கமான ரகம் மூன்றாவது வாரமே நுனி கருகி, வைகாசி முடிவதற்குள் மஞ்சளாகச் சாய்ந்தது. எங்களுடையது நின்றது. குட்டைதான், தூர் குறைவுதான், ஆனாலும் நின்றது. ஆடியில் பால் பிடித்தது. வாரம் ஒருமுறை போய் அளந்து எழுதிக்கொண்டு வருவேன். கால்வாயைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொள்வேன். பயிரைப் பார்த்ததும் கையை எடுத்துவிடுவேன். நாற்றம் அங்கேயும் அதே நாற்றம்தான், எனக்குத்தான் தெரியவில்லை.

ஆவணியில் அறுப்பு. கம்பெனிக்காரர்கள் ஷாமியானா போட்டு, பேனர் கட்டி, நாற்காலி போட்டார்கள். பேனரில் என் நெல்லின் படம், அதன் பின்னால் கம்பெனிப் புகைபோக்கி. புகையை மட்டும் அழித்துவிட்டு நீல வானம் போட்டிருந்தார்கள். கால்வாய் வாடை தெரியாமல் இருக்க ஷாமியானாவின் நாலு மூலையிலும் ஊதுவத்திக் கட்டு. இரண்டும் கலந்து சாவு வீடு போல இருந்தது.

கம்பெனி மேனேஜர் மைக் பிடித்தார். நாற்பது வயது இருக்கும், நன்றாகப் பேசக்கூடியவர். "நம்ம கம்பெனித் தண்ணியப் பத்திப் புகார் சொல்றவங்க நிறைய பேர். நான் ஒண்ணும் பதில் சொல்லல. இந்தப் பயிர் சொல்லிடுச்சு. பயிரே தாங்கிக்குது, மனுஷங்களுக்குத்தான் தாங்கல" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். இயக்குநர் தட்டினார். என் கையும் இரண்டு தடவை தட்டிவிட்டு நின்றது.

நான் உப்பைத் தாங்கும் நெல்லைத் தேடினது, கடல் தண்ணீர் ஏறின நிலத்துக்காரர்களை நினைத்து. இந்த ஆளின் வாய்க்குச் சாட்சியாக நிற்கட்டும் என்று இல்லை. ஆனால் நின்றது. நன்றாக விளைந்து நின்றது.

கூட்டம் பிரியாணிப் பக்கம் நகர்ந்ததும் நிலத்துக்காரரின் மனைவி என்னிடம் வந்தார். முந்தானையில் ஒரு பிடி நெல். இரண்டை நகத்தால் உரித்து, அரிசியை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"வெள்ளையாத்தான் கீது. ஏம்மா, இத்தத் துன்னலாமா?"

யாரும் அதுவரை என்னிடம் கேட்காத கேள்வி. எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன், பேராசிரியர்கள் குறுக்குக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். தூர் எத்தனை, சோடியம் எவ்வளவு, மூன்றாம் தலைமுறையில் குணம் நிற்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். இதைக் கேட்டதில்லை.

"டெஸ்ட்டுக்கு அனுப்பிட்டு வந்து சொல்றேங்க. அதுவரைக்கும் சமைக்காதீங்க" என்றேன்.

"சரி. ஒரு மூட்டைய ஊட்ல எடுத்து வெக்கறேன். நீ சொன்னப்பறம் தான் பிரிப்பேன்."

மீதி நெல்லைக் கம்பெனியே எடுத்துக்கொண்டது.

அரிசி மாதிரியைச் சென்னைக்கு அனுப்பினேன். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. கேட்மியம் என்ற உலோகம், உண்ணும் அரிசியில் அனுமதித்த அளவைத் தாண்டி, நன்றாகவே தாண்டி இருந்தது. துத்தநாகத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிற உலோகம் அது. உப்பு அதிகமான மண்ணில் வேர் அதை இன்னும் சுலபமாக எடுத்துக்கொள்ளும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. பாடமாகவே நடத்தியிருக்கிறேன். உள்ளே எடுத்துக்கொண்டு சாகாமல் நிற்பதற்கும் தாங்குவது என்றுதான் பேர். வழக்கமான ரகம் செத்ததால் அதைச் சாப்பிடும் ஆபத்து யாருக்கும் இல்லை. என்னுடையது பிழைத்தது.

கம்பெனிக்குக் கொடுக்க வேண்டிய அறிக்கையில் அந்தக் காகிதத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனேன். அவர் மோர் குடித்துக்கொண்டே படித்தார். மீசையில் நுரை ஒட்டியிருந்தது. படித்து முடித்து, அந்தப் பக்கத்தை மட்டும் தனியாக எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.

"உன் தலைப்பு என்ன?"

"உப்பைத் தாங்கும் திறன் சார்."

"கேட்மியம் நம்ம சப்ஜெக்ட்டா?"

"இல்ல சார். ஆனா..."

"அதுக்குத் தனியா ஒரு ப்ராஜெக்ட் எழுதுவோம். இப்ப இது எதுக்கு? அவங்க நமக்கு வயல் குடுத்தாங்க. வீட்டுக்குக் கூப்பிட்டு சாப்பாடு போட்டவன் இலையில எச்சில் துப்பற மாதிரி இருக்கும்."

"அந்த நெல்லை என்ன பண்ணப்போறாங்கன்னு தெரியல சார்."

"விதைக்கு வெச்சிக்குவாங்க. கண்காட்சிக்கு வெப்பாங்க. சாப்பிடவா போறாங்க, அரை ஏக்கர் நெல்லை?"

அறிக்கையில் என் பேர் முதலில் இருந்தது. அவர் பேனாவை என் பக்கம் உருட்டிவிட்டார். கை நடுங்கியது, அழுதேன் என்றெல்லாம் எழுத ஆசைதான். ஒன்றும் இல்லை. மறுநாள் எடுக்க வேண்டிய கேலஸ் தட்டுகளை யோசித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். நிலத்துக்காரர் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். எப்படிச் சொன்னாலும் கம்பெனி காதுக்குப் போகும், அறிக்கையில் ஏன் இல்லை என்று கேள்வி வரும் என்று தெரிந்துதான் தள்ளினேன்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் நிலையத்தில் விடுமுறைக்கு முந்தின நாளே பூஜை போட்டுவிடுவோம். ஆட்டோகிளேவுக்குச் சந்தனம் குங்குமம், மைக்ராஸ்கோப்புக்குப் பூ. பாட்டில் கழுவும் அக்கா அன்று கையில் பெரிய டப்பாவோடு வந்தார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பாட்டில்களைப் பத்து வருடமாகக் கழுவுகிறவர். எது எந்தப் பூஞ்சணத்தால் கெட்டது என்று மூக்கை வைத்தே சொல்வார், பெரும்பாலும் சரியாக இருக்கும். வயதில் என்னை விட மூத்தவர், நான் அக்கா என்பேன், அவர் மேடம் என்பார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் கொயரில் பாடுகிறவர், ஆனால் ஆயுத பூஜைக்கு எங்கள் எல்லாரையும் விட அழகாகக் கோலம் போடுவார். மாமனார் மாமியார் காலம் வரை கும்மிடிப்பூண்டிப் பக்கத்து வயல்களில் கூலி வேலை. இப்போது அவர் வீட்டுக்காரர் அதே துத்தநாகக் கம்பெனியில் ஆசிட் தொட்டிப் பிரிவில் இருக்கிறார்.

டப்பாவைத் திறந்தார். வெண்பொங்கல். மிளகும் முந்திரியும் நெய்யில் மிதந்தன.

"எல்லாரும் நாஷ்டா இதான் துன்னணும்" என்றார். "இது இன்னா அரிசின்னு சொல்லுங்க பாக்கலாம். நம்ம அரிசி மேடம். நம்ம பாட்டில்ல பொறந்த அரிசி. கம்பெனில பூஜைக்கு ஆளுக்கு ரெண்டு கிலோ குடுத்தாங்க. பையில உங்க நெல்லு படம் போட்டுக்கீது. எங்க ஊட்டுக்காரு, இந்தப் பாட்டில் எல்லாம் எங்க ஊட்டுக்காரிதான் கழுவுனான்னு எல்லார்ட்டயும் சொல்லிக்கினு வந்தாரு."

ஆபீஸ் பெண் ஒருத்தி ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இயக்குநருக்கு ஒரு தட்டு நீட்டினார். அவர் வாங்கினார். சிரித்த முகத்தோடு வாங்கி, ஒரு முந்திரியைக்கூடத் தொடாமல், பூஜை மேஜை மேல் வைத்தார்.

"எனக்கு சுகர் இருக்கும்மா. பொங்கல் சேராது" என்றார். முந்தின வருடம் அதே இடத்தில் நின்று சர்க்கரைப் பொங்கலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்.

அடுத்த தட்டு எனக்கு. "வயிறு சரியில்லக்கா" என்றேன்.

அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்த வேகத்தை இப்போது நினைத்தாலும் குமட்டுகிறது. யோசித்துச் சொன்ன பொய் இல்லை, கை நெருப்பிலிருந்து தானாக விலகுகிற மாதிரி வந்தது. எனக்கு அந்த அரிசி வேண்டாம் என்று உடம்பு முழுக்கத் தெரிந்திருந்தது. இயக்குநர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கூட்டாகத் திருடினவர்கள் அப்படித்தான் பார்த்துக்கொள்வார்கள்.

"அப்ப சாயங்காலத்துக்கு வெச்சிக்கறேன், புள்ளைங்களுக்கு ஆவும்" என்று அக்கா டப்பாவை மூடினார்.

"பிள்ளைங்க சாப்பிட்டாங்களா?"

"ரெண்டு நாளா அதான். பையன் டிஃபன் பாக்ஸுக்கும் அதான்."

அவர் டப்பாவை எடுத்துக்கொண்டு பாட்டில் கழுவும் அறைக்குப் போனார். பின்னாலேயே போனேன். ஆபீஸ் பெண்ணின் தட்டை வழியில் பிடுங்கி, போதும் என்றேன், அவள் விழித்தாள். கழுவும் அறையில் அக்கா டப்பாவை அலமாரி மேல் வைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்த அரிசியைச் சாப்பிடக் கூடாது."

"ஏன் மேடம்?"

சொன்னேன். கால்வாய்த் தண்ணீரில் இருக்கும் உலோகம் அரிசியில் ஏறியிருக்கிறது, அது கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும், எலும்பைக் கெடுக்கும் என்று சொன்னேன். இரண்டு நாள் சாப்பிட்டதால் ஒன்றும் ஆகாது என்றும் சொன்னேன். அது உண்மை. உண்மையைச் சொல்லும்போதே எனக்கு என் குரல் பிடிக்கவில்லை.

அக்கா டப்பாவையே பார்த்தார்.

"இது உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"நாலு வாரமா."

"சாருக்கு?"

"தெரியும்."

"அதான் ரெண்டு பேரும் துன்னல." டப்பாவைத் திறந்து பொங்கலைக் கெட்டுப்போன பாட்டில் கூழ் கொட்டும் வாளியில் கவிழ்த்தார். முந்திரி முதலில் விழுந்தது. விரலால் வழித்துப் போட்டார். பிறகு டப்பாவை எங்கள் பாட்டில்களைக் கழுவுகிற அதே பிரஷ்ஷால், அதே சோப்பால், மூன்று தடவை தேய்த்தார். "அந்தப் பேப்பரக் குடுங்க" என்றார், திரும்பாமலே.

இயக்குநர் அறையில் கவிழ்த்து வைத்த பக்கம் இல்லாவிட்டாலும் என் கம்ப்யூட்டரில் இருந்தது. அச்செடுத்துக் கொடுத்தேன். அவர் தனக்குப் படிக்கத் தெரியாத ஆங்கிலத்தில் இருந்த அந்தக் காகிதத்தை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு அரை நாள் லீவு எழுதிவிட்டுக் கிளம்பினார்.

அவர் வீட்டுக்காரர் அன்று மாலையே அதைக் கம்பெனிக்கு எடுத்துப் போனார். ஷிஃப்ட் மாறும் நேரம். கேட்டில் நின்று ஒவ்வொருவரிடமும் காட்டினாராம். விடுமுறை முடிந்த அன்று கம்பெனிப் பாதுகாவலர் அறை வாசலில் அரிசிப் பைகள் குவிந்து கிடந்தன. சில பிரிக்காதவை, சில பாதி. யாரோ ஒருவர் சமைத்த சோற்றையே பாலிதீன் கவரில் கட்டிக் கொண்டுவந்து போட்டிருந்தார், அது வெயிலில் ஊசி ஒழுகிக்கொண்டிருந்தது. இதெல்லாம் அக்கா சொல்லித் தெரிந்தது. மேனேஜர் எங்கள் இயக்குநருக்குப் போன் செய்ததை நானே கேட்டேன். இயக்குநர் ஸ்பீக்கரில் போட்டிருந்தார், என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்து.

"என் வீட்லயும் சமைச்சாங்க சார்" என்றது மேனேஜர் குரல். "என் பொண்ணு சாப்பிட்டிருக்கா. மூணு வயசு. நீங்க படிச்சவங்கதானே? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அவருக்குத் தெரியாது. நாங்கள் கொடுத்த அறிக்கையில் அந்தப் பக்கம் இல்லை. நல்ல எண்ணத்தில்தான் அரிசியைக் கொடுத்திருக்கிறார், தானும் சாப்பிட்டிருக்கிறார். அவர் மேல் எனக்கு இரக்கம் வர வேண்டும், வரவில்லை. அந்தக் கால்வாய் இத்தனை வருடம் ஊருக்குள் ஓடியபோது வராத கோபம், தன் வீட்டுச் சட்டிக்கு வந்ததும் வந்திருக்கிறது என்றுதான் தோன்றியது. அப்படித் தோன்ற எனக்கு என்ன யோக்கியதை என்றும் தோன்றியது.

இயக்குநர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒரு பக்கம் விட்டுப்போச்சு சார். அறிக்கை தயாரிச்சவங்க கவனக்குறைவு. நான் நடவடிக்கை எடுக்கறேன்" என்றார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

ஒரு வாரத்தில் மெமோ வந்தது. முக்கியமான பரிசோதனை முடிவை அறிக்கையில் இணைக்கத் தவறியதற்கு விளக்கம் கேட்டு. முதல் பேர் என்னுடையது, கையெழுத்து என்னுடையது. நடந்ததை நடந்தபடி, இயக்குநர் அந்தப் பக்கத்தைக் கவிழ்த்து வைத்தது உட்பட, எழுதிக் கொடுத்தேன். நான் தெரிந்தே கையெழுத்துப் போட்டேன் என்பதையும் எழுதினேன். நிர்வாகக் குழு இரண்டு பேரையும் விசாரித்தது. அவர் ஓய்வு பெற ஆறு மாதம் இருந்தது, முன்கூட்டியே போகட்டும் என்று விட்டார்கள். மாலை மரியாதையோடுதான் போனார். என்னை நெல்லிலிருந்து மாற்றி வாழைக் கன்று வளர்க்கும் பிரிவில் போட்டார்கள்.

மெமோவுக்குப் பதில் எழுதின மறுநாள் நிலத்துக்காரர் வீட்டுக்குப் போனேன். விஷயம் எனக்கு முன்பே போயிருந்தது. அவர் வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார், எழுந்திருக்கவில்லை.

"வாம்மா. நல்லாப் பண்ண" என்றார். "முன்னாடி தரிசுன்னுதான் சொன்னாங்க. இப்ப வெஷ நெலம்னு பேராய்டுச்சு. வெக்கோல் கூட ஒருத்தன் எடுக்கல. இருக்கற மாட்ட வுட்டு மேய்க்கறதுக்கே பேஜாரா கீது."

அவர் மனைவி உள்ளேயிருந்து வந்தார். மூலையில் அந்த மூட்டை இருந்தது. தைத்த வாய் பிரிக்கவில்லை.

"நீ சொல்றேன்னு சொன்னியேன்னு வெச்சிருந்தேன்" என்றார். குரலில் குத்தல் இல்லை. அதுதான் என்னை அறைந்தது. மூட்டையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஜீப்பில் ஏற்றினோம். எங்கள் நிலையத்தின் கழிவு எரிக்கும் குழியில் போட்டேன். நெல் எரியும்போது பொரி வாசனை வந்தது. பக்கத்துக் கட்டிடத்தில் இருந்தவர்கள் யார் பொரி வறுக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தார்கள்.

மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு முடிவுகளை அனுப்பினேன். தொழிலாளர்களும் தனியாக மனு கொடுத்திருந்தார்கள். ஆட்கள் வந்து தண்ணீரும் மண்ணும் எடுத்துப் போனார்கள். சில மாதத்தில் கம்பெனி கால்வாயில் விடுவதை நிறுத்தி, உள்ளேயே சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்த ஆரம்பித்தது. மேனேஜர் அதற்காக அலைந்தார் என்று அக்காவின் வீட்டுக்காரர் சொன்னார். அந்த ஆளை நான் ஒரேயடியாக வெறுத்துவிட முடியாமல் போனது அதனால்தான். கால்வாய் காய்ந்தது. அடியில் இருந்த சேறு வெடித்து, ஆரஞ்சு நிறத்தில் செதில் செதிலாக இன்னும் கிடக்கிறது. யாரும் வாரவில்லை. வாரினால் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை. நிலத்துக்காரர் வயலை லாரி நிறுத்த விட்டுவிட்டார்.

பல மாதம் எனக்கு வெளியே சோறு இறங்கவில்லை. கல்யாண வீட்டில் இலையில் சோறு விழுந்ததும் இது எந்தத் தண்ணீரில் விளைந்ததோ என்று ஆரம்பிக்கும். எழுந்து கை கழுவிவிடுவேன். வீட்டில் இருப்பவர்கள் முதலில் கவலைப்பட்டார்கள், பிறகு எரிச்சல்பட்டார்கள், கடைசியில் எனக்கு மட்டும் கேழ்வரகுக் களி கிண்டி வைத்தார்கள். கேழ்வரகு மட்டும் ஆகாயத்திலா விளைகிறது என்று கேட்டுவிட்டு என் கணவர் சிரித்தார். அவர் சொன்னது நியாயம். அன்று முதல் மறுபடி சோறு சாப்பிட முயன்றேன். இப்போது சாப்பிடுகிறேன், ருசித்து என்று சொல்ல மாட்டேன்.

அக்கா என்னிடம் பேசுவதை நிறுத்தவில்லை. வேலை விஷயமாகப் பேசுவார். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார். ஒருமுறை நானும் என் டப்பாவோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நகர்ந்து இடம் விட்டார்.

போன மாதம் புது இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, அந்த நெல்லின் விதை குளிர் அறையில் இருக்கிறதே, கடலோரம் பழவேற்காடு பக்கம் நட்டுப் பார்க்கலாமா, நீங்களே எடுத்து நடத்துகிறீர்களா என்றார். அங்கே வெறும் கடல் உப்புதான், கம்பெனி ஒன்றும் இல்லை என்றார்.

"மண்ணும் தண்ணியும் முதல்ல டெஸ்ட் பண்ணணும். அறுத்த பிறகு அரிசியும். முடிவு என்னவாக இருந்தாலும் நிலத்துக்காரங்க கையில முதல்ல கொடுக்கணும், அதுக்கப்புறம்தான் அறிக்கை" என்றேன்.

"அது நடைமுறைக்கு ஒத்து வருமா, பார்ப்போம்" என்றார்.

எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. வாழைக் கன்றுகள் இந்த வாரம் மறுபடி கெட்டிருக்கின்றன, இந்தத் தடவை பாக்டீரியா.